சுண்ணக் குன்றிலிருந்து கண்டிப் பாறைக்கு

மேல்நாடு சென்று கற்றுத் திரும்புவோரை நோக்கி நம்மவர் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் இரண்டே. என்ன பட்டம் பெற்றாய் என்பது ஒன்று. குளிரை எப்படித் தாங்கினாய் என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் விடை கூறுவது எளிது. ஆனால், அங்கே ஒரு மாணவனுடைய நாள் எவ்வாறு கழிகின்றது, அந்நாட்களுள் எந்த நாள் அவனை மாற்றுகின்றது என்று கேட்பார் அரியர். கேட்டிருந்தால், என்னை மாற்றியது விரிவுரை மண்டபமன்று, சனிக்கிழமைகளில் சேறு படிந்த சப்பாத்துகளுடன் ஆசிரியருக்குப் பின்னால் நடந்த கல்விச் சுற்றுலாக்களே என்று சொல்லியிருப்பேன். அச்சுற்றுலா என்னும் கல்விமுறையைப் பற்றியும், நூறாண்டுகளுக்கு முன் அதனை இலண்டனிலே பயின்று கண்டி மலைநாட்டுக்குக் கொண்டுவந்த ஒரு தமிழ் மகனைப் பற்றியும் இப்பேச்சிலே சில கூற விரும்புகிறேன்.

முதலில் அன்றாட வாழ்வு. 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நான் இங்கிலாந்தில் புவியியல் பயின்றேன். குடியிருந்தது மூன்றாம் மாடியிலே ஓர் அறை. அறையை வெப்பமாக்க ஒரு சிறு வாயு அடுப்பு உண்டு. அதன் பக்கத்தில் ஓர் உண்டியல். நாணயம் இட்டால் அடுப்பு எரியும்; நாணயம் தீர்ந்தால் அணைந்துவிடும். கடன் கேட்டாலும் அது மசியாது. காலையில் பாணும் வெண்ணெயும். மதியம் கல்லூரி உணவுச்சாலையில் அவித்த உருளைக்கிழங்கு. இரவில், அண்டை அறையில் இருந்த மலாயத் தமிழர் ஒருவரும் நானும் செலவைப் பங்கிட்டுச் சமைத்த சோறும் பருப்பும். கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்கு நீலநிற விமானத் தபாற் கடிதம். அதில் நான் எழுதியவற்றுட் பாதி பொய். நன்றாக உண்கிறேன், உறங்குகிறேன் என்பவை அப்பொய்களுள் முதன்மையானவை. வந்த முதல் மூன்று மாதங்களில் மனத்தை வாட்டியது குளிரன்று. பிற்பகல் நான்கு மணிக்கே வந்து கவியும் இருள். கண்டியில் ஆறு மணிக்கு முன் இருட்டுவதைக் கண்டறியாத எனக்கு, ஒவ்வொரு நாளும் யாரோ பாதியைக் களவாடிவிட்டாற் போலிருந்தது.

விரிவுரைகளைப் பற்றிக் கூறுவதற்குச் சிறப்பாக ஒன்றுமில்லை. ஆசிரியர் பேசுவார், நாம் எழுதுவோம்; எழுதியதைப் பின்னர் படிப்போம். இதனைக் கண்டியிலேயே செய்திருக்கலாம். புதிதாக இருந்தது சனிக்கிழமை. காலையில் புகையிரத நிலையத்தில் இருபது பேர் கூடுவோம். முதுகிலே பை, பையிலே சுத்தியல், உளி, உருப்பெருக்கிக் கண்ணாடி, குறிப்பேடு, நிலப்படம், மழையங்கி, இரண்டு துண்டுப் பாண். இலண்டனுக்குத் தெற்கே சரே மாவட்டத்தின் சுண்ணக் குன்றுகளுக்கு எங்கள் முதற் பயணம். அங்கு ஒரு பழைய கற்குழி. அதன் சுவர் பால்போல் வெண்மையாய் நின்றது. இடையிடையே கரிய தீக்கற்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. நாங்கள் சுத்தியலை எடுத்தோம். ஆசிரியர், ஒரு மணி நேரத்திற்கு ஒருவரும் கல்லைத் தொடலாகாது, முதலில் பாருங்கள், பார்த்ததை வரையுங்கள் என்றார். மழை தூறியது. குறிப்பேடு நனைந்தது. பத்து நிமிடத்திலே நான் வரைந்து முடித்துவிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, தீக்கல் வரிசை எத்தனை, அவை கிடையாக உள்ளனவா, சரிந்துள்ளனவா என்று வினவினார். நான் எண்ணவில்லை, சரிவையும் கவனிக்கவில்லை. சுவர் வெண்மையென்று மட்டும் கண்டிருந்தேன்.

தேநீர் அருந்துகையில் அவர் என்னிடம், உன் ஊர் எது என்றார். கண்டி என்றேன். அங்கே உங்கள் வீட்டின் கீழுள்ள பாறை யாது என்று கேட்டார். கட்டுகலையில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் அகன்ற ஒரு பாறை உண்டு. அம்மா அதிலேதான் மிளகாய் காயவிடுவார். பிறந்தது முதல் அதன்மீது ஏறி விளையாடியவன் நான். அது கல் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆறாயிரம் மைல் கடந்து வந்து, ஆங்கிலேயரின் சுண்ணக் குன்று ஏறக்குறைய 7 கோடி முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழ்கடலடியில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உண்டானது என்று மனனஞ் செய்துகொண்டிருந்த எனக்கு, அம்மா மிளகாய் காயவிடும் பாறையின் பெயர் தெரியவில்லை. அவர் என்னை இகழவில்லை. தெரியாவிட்டால் நூலகத்திற் பார் என்று மட்டும் சொன்னார்.

நூலகத்தில் நான் கண்டதைக் கூறுமுன், மாணவரைக் கூட்டிக்கொண்டு ஆசிரியர் வெளியே புறப்படும் இவ்வழக்கத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஐரோப்பாவிலே இதற்குப் பெயர் தேடித் தந்தவர் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த அவர், கோடைகாலங்களில் நூற்றுக்கணக்கான மாணவரை அழைத்துக்கொண்டு வயலுக்கும் காட்டுக்கும் செல்வார். ஒருவர் செடியைப் பிடுங்குவார், ஒருவர் குறிப்பெடுப்பார், ஒருவர் பறவைகளைக் கவனிப்பார். மாலையில் முரசும் ஊதுகொம்பும் முழங்க, ஆசிரியருக்கு வாழ்த்தொலி எழுப்பியவாறு நகருக்குத் திரும்புவர். அவரே 1747ஆம் ஆண்டில் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒல்லாந்தக் கம்பெனியின் வைத்தியராக 17ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த பௌல் ஹேர்மன் என்பார் சேர்த்த உலர்ந்த செடிகளைக் கொண்டு எழுதப்பட்டது அது. இலங்கையைக் கண்ணால் காணாமலே லின்னேயஸ் நம் செடிகளுக்குப் பெயரிட்டார். வெளியே போய்ப் பார்க்கவேண்டும் என்பதைத் தம் மாணவருக்கு அவ்வளவு வற்புறுத்தியவர், நம்மைப் பொறுத்தமட்டில் பிறர் கண்ணையே நம்பவேண்டியிருந்தது.

இங்கிலாந்திலே இம்முறையைப் பொதுமக்களிடம் பரப்பியது, 1858இல் இலண்டனில் நிறுவப்பெற்ற புவிச்சரிதவியலாளர் சங்கம். புகையிரதப் பாதைகள் பெருகிய காலம் அது. பாதை அமைப்பதற்காகக் குன்றுகள் வெட்டப்பட்டபோது நிலத்தின் அடுக்குகள் புத்தகத்தின் ஏடுகள் போல வெளித்தெரிந்தன. அவற்றைக் காண்பதற்கு அதே புகையிரதத்தில் ஏறிச் செல்வது எளிதாயிற்று. பேராசிரியரும் கடைக்காரரும் மாணவரும் ஒன்றாய் நடந்தனர். இச்சுற்றுலாக்களின் விதிகள் சில; ஆனால் கண்டிப்பானவை. முதலில் தூர நின்று பார், பின்னர் கிட்டச் சென்று பார், வரை, அதன் பின்பே உடை. எடுத்த துண்டிலே இடத்தையும் நாளையும் அன்றே எழுது. இடம் எழுதாத கல் வெறுங் கல். இவ்விறுதி விதியை நான் பலமுறை மீறி, அறைக்குத் திரும்பியபின் எந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் யாவற்றையும் குப்பைத் தொட்டியில் இட்டிருக்கிறேன்.

இனி நூலகத்துக்கு வருவோம். இலங்கைப் பாறைகளைப் பற்றி ஏதேனும் உண்டோ என்று தேடியபோது, இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் காலாண்டிதழில் 1900ஆம் ஆண்டிலும் 1902ஆம் ஆண்டிலும் வந்த கட்டுரைகள் கிடைத்தன. ஒன்று இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றியது. மற்றொன்று இலங்கையின் பளிங்குருச் சுண்ணாம்புக் கற்களைப் பற்றியது. எழுதியவர் பெயரைக் கண்டதும் வியந்தேன்: ஆனந்த குமாரசுவாமி. நடராசர் திருவுருவத்தைப் பற்றி எழுதிய கலையறிஞர் என்றே நாம் அவரை அறிவோம். அவர் முதலில் கல்லுடைத்த மாணவர் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அவருடைய கதையை நேயர்களிற் பலர் அறிந்திருக்கலாம். ஆயினும் சுருங்கக் கூறுவேன். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, சட்டநிரூபண சபையில் அமர்ந்த யாழ்ப்பாணத் தமிழ் மரபினர். தாயார் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தவர். 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் கொழும்பிலே பிறந்த குழந்தை, இரண்டு வயது நிரம்புமுன் தாயுடன் இங்கிலாந்து சென்றது. பின்தொடர்ந்து செல்லவிருந்த தந்தையார் 1879இல் கொழும்பிலேயே காலமானார். சிறுவன் குளொஸ்டர்சயரில் ஸ்டோன்ஹவுஸ் என்னும் ஊரிலுள்ள விக்கிளிவ் கல்லூரியில் தங்கிப் படித்தான். அப்பகுதியின் குன்றுகள் கடற்சிப்பிகளும் சுருட்சங்குகளும் நிறைந்த சுண்ணாம்புக் கல்லாலானவை. பள்ளிக்கூடத்துப் பக்கத்திலுள்ள டோவரோ என்னும் சிறு குன்றைப் பற்றிப் பள்ளி இதழில் எழுதியது அவருடைய தொடக்க எழுத்துகளுள் ஒன்று. தாய்மொழி ஆங்கிலமாகவும், தந்தைமொழி கேளாத தொன்றாகவும் வளர்ந்த ஒருவர், தான் நிற்கும் நிலத்தை வாசிப்பதிலிருந்து கல்வியைத் தொடங்கினார்.

பின்னர் அவர் சேர்ந்தது இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி. 1826இல் நிறுவப்பெற்ற அக்கல்லூரி, எச்சமயத்தவரையும் சமயச் சோதனை ஏதுமின்றிச் சேர்த்துக்கொள்வதற்கென்றே தோன்றியது. அங்கே புவிச்சரிதவியற் பேராசிரியராக 1901 வரை இருந்தவர் பொன்னி என்பார். அல்ப்ஸ் மலைப் பாறைகளை ஆராய்ந்து புகழ் பெற்றவர். கல்லை ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் மூன்று பங்கு தடிப்புள்ள தகடாகத் தேய்த்து, ஒளி ஊடுருவச் செய்து, நுணுக்குக்காட்டியிலே பார்ப்பது அக்காலத்தில் வளர்ந்துகொண்டிருந்த கலை. கரும் பாறை என்று கையில் கனத்த துண்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் மயிற்றோகைபோல நிறம் காட்டும். குமாரசுவாமி புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் பயின்று, 1900இல் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். மேலே நான் கூறிய கட்டுரைகள் அக்காலத்தவை.

அவற்றைத் தொடர்ந்து வந்ததொன்று நமக்கு மிக அண்மையில் நிகழ்ந்தது. கண்டிக்கு அருகே அம்பக்கோட்டைப் பகுதியில் கங்கப்பிட்டிய என்னும் இடத்தில், சுண்ணாம்புக் கல்லும் வேறு பாறையும் முட்டும் எல்லையிலே நீலநிறக் கனிப்பொருள் ஒன்றினை அவர் 1902இல் கண்டார். பிரையர் என்னும் ஆங்கில அறிஞருடன் சேர்ந்து ஆராய்ந்து, அது உலகம் அதுவரை அறியாத கனிப்பொருளென நிறுவி, அராபிய வணிகர் நம் தீவுக்கு வழங்கிய செரண்டிப் என்னும் பெயரால் செரண்டிபைற்று என்று அதற்குப் பெயர் சூட்டினார். இன்றும் அது மிக அரிய மணிக்கற்களுள் ஒன்று. அவ்வூரார் அப்பாறையின் மேல் எத்தனை தலைமுறை நடந்திருப்பார்கள்! இரண்டு பாறைகள் சந்திக்கும் கோட்டை நின்று நோக்கு என்பது சுற்றுலா மாணவனுக்கு முதலிற் சொல்லித்தரும் பாடம். அப்பாடத்தைக் கற்றவன் அங்கு குனிந்தான். மற்றவர் கடந்து போயினர்.

1903இல் இலங்கைக் கனிப்பொருள் அளவாய்வின் தலைவராக நியமனம் பெற்று, மனைவி எத்தலுடன் வந்து கண்டிக்கருகே குடியேறினார். 1906 வரை, மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் மலைநாடெங்கும் திரிந்தார். 1904இல் பலாங்கொடைப் பக்கத்து ஆற்றுமணலில் கிடைத்த கனத்த கரிய பளிங்குகள் அவர் கைக்கு வந்தன. இலண்டனில் பகுத்தாராய்ந்தபோது, அவை பெரும்பாலும் தோரியம் என்னும் மூலகத்தின் ஒட்சைட்டால் ஆனவை என்று தெரிந்தது. தோரியனைற்று என அதற்குப் பெயராயிற்று. தோரியத்தில் அக்காலத்தவருக்கு இருந்த ஆவலுக்குக் காரணம் ஒன்றுண்டு. 1891இல் அவுவர் என்னும் அவுஸ்திரிய நாட்டவர் செம்மைப்படுத்திய வாயுவிளக்கின் வலைத்திரி, தோரியத்தின் ஒட்சைட்டால் ஆனது. ஐரோப்பிய நகரங்களில் மாணவர் இராக்காலத்திற் படித்ததெல்லாம் அவ்வலைத்திரி தந்த வெண்ணொளியிலேதான்.

இன்னுமொரு வியப்பு. அதே 1904இல், ஆங்கிலம் பயின்றுகொண்டால் தொழிற்சாலையில் நல்ல வேலை கிடைக்கும் என்னும் எண்ணத்துடன் செருமானிய இளைஞர் ஒருவர் இலண்டன் வந்து, குமாரசுவாமி படித்த அதே கல்லூரியிலே பேராசிரியர் இராம்சேயின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். இராம்சே அவரிடம் ஆராயக் கொடுத்தது, இலங்கையின் தோரியனைற்றிலிருந்து பிரித்த உப்பு. அவ்விளைஞர் அதிலிருந்து 1905இல் புதியதொரு கதிர்வீச்சுப் பொருளைக் கண்டறிந்து, வேலை தேடும் எண்ணத்தைக் கைவிட்டு ஆராய்ச்சியாளரானார். பிற்காலத்தில் அணுப்பிளவைக் கண்டறிந்த ஒட்டோ ஹான் அவரே. மொழி கற்கப் பிறநாடு சென்ற ஒரு மாணவரின் வாழ்வைப் பலாங்கொடை மணல் திசைதிருப்பியது.

குமாரசுவாமியின் வாழ்வையும் மலைநாடு திசைதிருப்பியது. பாறை தேடி ஊர்களுக்குச் சென்றவர், அங்கிருந்த விகாரைகளையும் தேவாலயங்களையும், கொல்லரையும் தச்சரையும் ஓவியரையும் கண்டார். அவற்றையும் கல்லைப் பார்த்த அதே முறையிலேயே பார்த்தார் என்பதே நான் கூற வரும் செய்தி. தூர நின்று, பின்னர் கிட்டச் சென்று, வரைந்து, இடத்தைக் குறித்து. இந்தப் பூட்டு எவ்வூரில் செய்யப்பட்டது, இந்த வண்ணத்தை எதிலிருந்து வடித்தார்கள், இந்த வளைவுக்குக் கைவினைஞர் இட்ட பெயர் என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதினார். எத்தல் நிழற்படங்கள் எடுத்தார். கண்டியப் பெண்களின் தையற்பூவேலையைச் சேகரித்தார். பழைய கட்டடங்கள் கவனிப்பாரின்றிச் சிதைவதையும், திருத்துவதாகச் சொல்லி அவற்றைக் கெடுப்பதையும் கண்டு மனம் பொறாமல், 1905இல் கண்டியப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதமொன்று விடுத்தார். இவற்றின் பயனாக எழுந்ததே மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூல். 1908இல் இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில், கவிஞர் வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கை அச்சியந்திரத்திலே 425 பிரதிகள் மட்டும் அச்சிடப்பட்டன. விக்கிரகத்துக்கும் சுவரோவியத்துக்கும் இறுதியாகக் கண் திறக்கும் நேத்திர மங்கலச் சடங்கின் விவரமும் அதில் உண்டு. எத்தல் பின்னர் கைநெசவிலே பெரும்புகழ் பெற்றார். எத்தல் மைரே என்றால் இங்கிலாந்திலே நெசவு கற்போர் இன்றும் அறிவர்.

குமாரசுவாமியை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் கூறியன யாவும் நமக்கு வேதமல்ல. 1905இல் கண்டியில் வெளியிட்ட சிறு பிரசுரமொன்றிலே, மேல்நாட்டு உடை அணியும் நம்மவரைக் கடன்வாங்கிய இறகு தரித்தவர்கள் என்று கடிந்தார். அக்கண்டனத்தில் உண்மை உண்டு. எனினும், ஆங்கிலத்தைப் பிறப்பிலேயே பெற்றவருக்கு அதனைத் துறப்பது எளிது. ஏணி இல்லாதவனுக்கு அதுவே ஏணி. அன்றியும், அவர் மாட்டுவண்டி சென்ற அதே மலைச்சரிவுகளிலே தேயிலைத் தோட்டத்து லயன்களும் இருந்தன. அங்கே நம் தமிழர், கைத்தொழில் எதுவும் எஞ்சாதபடி தம் ஊரை விட்டு வந்து, கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தனர். அப்பெருநூலின் பொருள் வேறு. அதில் லயன்களுக்கு இடமில்லை. பழகிய கண்ணும் தான் தேடிப் போனதையே முதலிற் காண்கிறது. சுண்ணச் சுவரில் நான் வெண்மையை மட்டும் கண்டது போலத்தான் இதுவும்.

நான் ஊர் திரும்பியபோது செய்த முதற் காரியம் நகைப்புக்குரியது. உடை மாற்றுமுன் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்புறம் சென்றேன். மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அதை ஒதுக்கிவிட்டுக் குனிந்து பார்த்தேன். பாறை முழுவதும் வெளிறிய கீற்றும் கரிய கீற்றும் மாறி மாறி ஓடின. வரிப்பாறை எனப்படும் நைசு அது. கீற்றுகளுக்கிடையே மிளகாய் விதையளவான செந்நிற மணிகள் மினுங்கின. அவை மாதுளை முத்துப் போன்ற காணற் கற்கள். நிலத்தின் ஆழத்திலே, பேரழுத்தமும் பெருவெப்பமும் தாக்கிய பாறையிலேதான் அவை இவ்வாறு விளையும். நம் மலைநாட்டுப் பாறைகள் அவ்வாறு உருமாறியது ஏறக்குறைய 55 கோடி முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன். இங்கிலாந்தின் சுண்ணக் குன்று அதற்குப் பேரப்பிள்ளை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தச் சிவப்பு எப்போதும் அங்கே இருந்ததுதானே, மகன், மிளகாயை ஏன் கலைத்தாய் என்றார்.

அதன் பின் ஆசிரியத் தொழிலில் இருந்த காலமெல்லாம், மேல்நாட்டுக்குப் போகும் வாய்ப்பில்லாத மாணவரையும் மாணவியரையும் கண்டியைச் சுற்றி அழைத்துச் செல்வதை வழக்கமாக வைத்திருந்தேன். அதற்கு அதிகம் செலவில்லை. திகனைப் பக்கத்தில் சுண்ணாம்புக் கற்குழிகள் உண்டு. அங்கு அகழும் தொலமைற்றுக் கல்லைப் பொடியாக்கி, தேயிலை மண்ணின் புளிப்பைக் குறைப்பதற்குத் தூவுகின்றார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் அப்பொடியை மூட்டையாக மட்டுமே கண்டிருப்பர். அது மலையாக நிற்பதைக் கண்டதும் அவர்களுக்கு உண்டாகும் வியப்பைக் காண்பதற்கே போகலாம். பேராதனைப் பூந்தோட்டம் 1821இல் தொடங்கப்பெற்றது. செருமானிய விலங்கியலாளர் ஹெக்கல் 1881ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தபோது அங்கே தங்கிப் பயின்று சென்றார். ஐரோப்பியர் பயணஞ் செய்து வந்து கற்ற தோட்டத்துக்கு நம் பிள்ளைகள் விளையாட மட்டும் போகின்றார்கள்.

எல்லாவற்றிலும் சிறந்தது உடுநுவரைப் பயணம். எம்பக்கை, லங்காதிலகம், கடலாதெனிய ஆகிய மூன்றையும் வயல்வரப்பு வழியே நடந்து ஒரே நாளிற் காணலாம். எம்பக்கை, கதிர்காமக் கடவுளுக்குரிய தேவாலயம். அதன் மரத்தூண்களின் சிற்பங்களை எல்லோரும் பார்ப்பார்கள். மாணவர் பார்க்கவேண்டியது கூரையின் உட்புறம். அங்கே 26 கைமரங்களை ஒரே ஆப்பு இணைத்து நிற்கிறது. கடலாதெனியவும் லங்காதிலகமும் 1344ஆம் ஆண்டின், நான்காம் புவனேகபாகு காலத்துப் பணிகள். ஒன்று கருங்கல், மற்றது பெரும்பாலும் செங்கல். கடலாதெனியவைக் கட்டியவர் கணேசுவராசாரி என்பவர். அதன் தூண்களையும் விமானத்தையும் கண்டால், தென்னிந்தியக் கோயிற் பணியின் சாயல் பிள்ளைகளுக்கே விளங்கும். ஏன் ஒன்று கல்லாகவும் ஒன்று செங்கல்லாகவும் அமைந்தன என்று வினாவிவிட்டு, விடை கூறாமல் விடுவது என் வழக்கம். சிலர் செலவென்பர், சிலர் சிற்பியின் பழக்கமென்பர். ஒரு மாணவன் மட்டும் இரண்டு இடத்துப் பாறையையும் தட்டிப் பார்க்கச் சுத்தியல் கேட்டான். புராதன இடத்திலே சுத்தியல் எடுக்கலாகாது என்று மறுத்தேன், உள்ளூர மகிழ்ந்தேன்.

லங்காதிலகத்தின் பாறையிலே நீண்ட கல்வெட்டுகள் உள்ளன. சிங்களத்தில் ஒன்று, தமிழிலும் ஒன்று. விகாரைக்கு வழங்கிய நிலங்களைப் பற்றியவை. ஒருமுறை ஒரு தோட்டத்துப் பாடசாலையின் பிள்ளைகளுடன் சென்றிருந்தேன். பாறையருகே அவர்களை நிறுத்தி, சரே மாவட்டத்தில் எனக்கு விதித்தது போலவே, பேசாமல் அரை மணி நேரம் பார்த்து வரையுங்கள் என்றேன். தமிழென்று நான் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் ஒரு மாணவி ஓர் எழுத்தின்மேல் விரலை வைத்தாள். சேர், இது நம்முடைய எழுத்துப் போலிருக்கிறது என்றாள். மற்றவர்கள் ஓடி வந்து குனிந்தார்கள். அறுநூற்றெழுபது ஆண்டுப் பழமையான வரிவடிவமாகையால் முழுவதையும் வாசிக்க அவர்களால் இயலவில்லை. கிரந்த எழுத்துகள் வேறு குறுக்கிட்டன. ஓரெழுத்து, ஈரெழுத்து என்று பொறுக்கி எழுதினார்கள். அதற்குள் வெயில் சாய்ந்தது. கீழே பேருந்து ஒலியெழுப்பியது. இன்னும் இரண்டு வரி இருக்கிறது, சேர் என்றாள் அவள். நான் பேருந்தைப் போகவிட்டேன். அடுத்தது வர ஒன்றரை மணி நேரமாயிற்று.